பத்திலைக் கறியும் ரத்தம் கட்டாத மாத்திரையும்

வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கு ஆஸ்பத்திரி என்றால் வெளிவாசல்தான். பாறசாலை ஸ்டாண்டில் அம்பாசடர் போட்டு ஓட்டிய காலம் முழுக்க எத்தனையோ நோயாளிகளைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். அவர்கள் உள்ளே போய் வரும்வரை மரநிழலில் வண்டியைப் போட்டு, மற்ற டிரைவர்களோடு வம்பளந்து, பீடி மேல் பீடியாக இழுத்துக்கொண்டிருப்பேன். திரும்பும்போது பின்சீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால், முன்னால் இருக்கும் கண்ணாடியைக் கொஞ்சம் மேலே திருப்பிவிட்டு ஓட்டுவேன். எனக்கும் ஆஸ்பத்திரிக்கும் இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

இப்போது நானே பின்சீட்டுக்காரன் ஆகிவிட்டேன். நுரையீரலில் புற்று வந்தவனுக்கு ரத்தம் கட்டிப்போகிற சங்கடமும் கூடவே வரலாம் என்பதோ, அதற்குக் கொடுக்கிற மாத்திரை வீட்டுச் சாப்பாட்டோடு சண்டைக்குப் போகும் என்பதோ எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியாமல் பட்டது போதும். வேறு யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். பயப்படாத ஆள் மாதிரி எழுத எனக்கு வராது. தை மாதம் தொடங்கி இன்றுவரை பயந்துகொண்டேதான் இருக்கிறேன்.

தை மாதத்தில் ஒரு காலை பல் தேய்க்கும்போது இருமினேன். துப்பியதில் சிவப்பாக ஒரு இழை. பல்லீறு என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் வந்தது. வெற்றிலை போட்டேன் என்று சரசத்திடம் சொன்னேன். சரசம் என் மனைவி. நான் வெற்றிலை போடுகிறவன் இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? "இஞ்ச பாருங்க, வண்டிய எடுங்க. இப்பமே போவோம்" என்றாள். நெய்யாற்றின்கரையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது பக்க நுரையீரலின் அடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வெள்ளை நிழல் இருந்தது. அதைப் பார்த்த டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் திருவனந்தபுரத்துக்குச் சீட்டு எழுதினார்.

பெரிய ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் இடத்தில் எல்லார் மடியிலும் ஒரு எக்ஸ்ரே உறை இருந்தது. ஒருவர் உறையை இன்னொருவர் ஓரக்கண்ணால் பார்ப்போம். நோயின் பெயரை யாரும் சொல்லவில்லை. டாக்டர் 'வளர்ச்சி' என்றார், நர்ஸ் 'மற்றது' என்றார், ஒற்றசேகரமங்கலத்தில் கட்டிக்கொடுத்த என் அக்கா 'அந்தத் தீனம்' என்றாள். மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை நுரையீரல்வரை இறக்கி, அதன் நுனி வெளிச்சத்தில் உள்ளே பார்த்து, சந்தேகமான இடத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்தார்கள். தொண்டையை மரத்துப்போக வைத்துத்தான் செய்வார்கள். ஆனாலும் தலையைக் குளத்துக்குள் முக்கிப் பிடித்தது போலத்தான் இருக்கும். அந்தத் துணுக்கில் புற்று இருந்தது. பங்குனியில் நுரையீரலின் அந்த அடிப்பாகத்தை அறுத்து எடுத்துவிட்டார்கள். வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை, ஆனால் சில வருஷம் கண்காணிக்க வேண்டும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் இடது கால், அதாவது கிளட்ச் மிதிக்கிற கால், கெண்டைச்சதையில் வீங்கிக் கனத்தது. படுத்தே கிடந்ததால் வந்த வீக்கம் என்று எல்லாரும் முடிவு செய்தோம். அக்கா குழம்பு என்கிற வைத்தியர் எண்ணெய் பாட்டிலோடு வந்துவிட்டாள்.

"எலே, நல்லா சூடாக்கி ஒண்ணு உழிஞ்சா போரும். வடிஞ்சி போவும்."

"தொட்டே, பெறவு பாத்துக்க" என்று கத்தினேன். அப்போது எனக்கு யார் தொட்டாலும் எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சல்தான் என்னைக் காப்பாற்றியது என்று பிறகு டாக்டர் சொன்னார். அது நீர் வீக்கம் அல்ல. காலின் உள்நரம்பில் ரத்தம் உறைந்து கட்டியிருந்தது. புற்று இருக்கிற உடம்பில், அதுவும் அறுவைக்குப் பின் அசையாமல் கிடந்தால், ரத்தம் இப்படிச் சுலபமாகக் கட்டிப்போகுமாம். உழிந்தால், அதாவது அழுத்தித் தேய்த்தால், அந்தக் கட்டி பிய்ந்து மேலே ஏறும்.

உழியாமலே அது ஏறிவிட்டது. குளியலறையிலிருந்து வெளியே காலை வைத்தேன், மூச்சு நின்றது. நின்றது என்றால் இழுக்க முடிகிறது, ஆனால் இழுக்கிற காற்று எங்கேயும் போய்ச் சேரவில்லை. டீசல் குழாயில் அழுக்கு அடைத்த வண்டி மாதிரி உடம்பு குலுங்கியது. மார்பில் கத்தி இறங்கியது. சரசத்தைக் கூப்பிடக் குரல் இல்லை, கதவைத் தட்டினேன். ஸ்டாண்டில் என் பக்கத்து வண்டிக்காரன் செல்வராஜ் வந்து என்னைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டான். "அண்ணே, கண்ண மூடாதே, கேட்டியா? எனக்கு வழி சொல்லு" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். அந்த வழியில் என்னைவிட அவன் அதிகம் ஓடியவன். நான் விழித்திருக்க வேண்டும் என்பதற்காக அப்படிக் கேட்டான். பாலராமபுரம் தாண்டும்போது நான் செத்துப்போவேன் என்று நிச்சயமாக நினைத்தேன். செத்தால் சரசத்துக்குக் கார் ஓட்டத் தெரியாதே என்று ஒரு பைத்தியக்கார யோசனை வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கைக் கட்டினார்கள். மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்க்கிற இடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அதில்தான் தெரியும். ஊசிகளிலேயே கொடுமையானது அதுதான். கட்டிலுக்குப் பக்கத்தில் கறுப்பு சிலிண்டர், அதன் தலையில் தண்ணீர் நிரப்பிய ஒரு சின்னக் குப்பி. காற்று அந்தத் தண்ணீருக்குள் புகுந்து குமிழி விட்டுக்கொண்டு வரும். உலர்ந்த காற்று மூக்கைப் புண்ணாக்கும் என்பதற்காக அந்த ஏற்பாடு. குமிழியின் சத்தம் கேட்கும்வரை உயிர் இருக்கிறது என்று நான் மனத்தில் பதித்துக்கொண்டேன். சத்தம் கொஞ்சம் குறைந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

ஒரு தடவை பயத்தில் நானே கை நீட்டி வால்வைத் திருகிக் கூட்டினேன். நர்ஸ் பார்த்துவிட்டார். "இது நிங்ஙளுடெ காறல்ல, ஆக்சிலேட்டர் சவிட்டான்" என்று சிரிக்காமல் சொன்னார். ஆக்சிலேட்டரை மிதிக்க இது உன் கார் இல்லை என்கிறார். என்னைப் போல வருஷக்கணக்காகப் புகைத்தவர்களின் நுரையீரலுக்கு அளவுக்கு மேல் ஆக்சிஜன் கொடுத்தால், சிலருக்கு மூச்சு விடுகிற வேலையையே உடம்பு மந்தமாக்கிவிடுமாம். அதனால்தான் அதையும் மருந்து மாதிரி அளந்து கொடுக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த வால்வைப் பார்த்தாலும் எனக்குப் பயம்.

ரத்தம் மேலும் கட்டாமலிருக்க முதலில் நரம்பு வழியாக ஹெப்பாரின் என்ற மருந்து ஏற்றினார்கள். பிறகு அதற்குப் பதிலாக வார்ஃபரின் மாத்திரை. ரத்தம் உறைய எத்தனை நொடி ஆகிறது என்று பரிசோதித்து, அதற்குத் தக்கபடி மாத்திரையைக் கூட்டிக் குறைக்க வேண்டும். குறைந்தால் ரத்தம் மறுபடி கட்டும், கூடினால் எங்கிருந்தாவது ஒழுகும். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன வரப்பு, அதன் மேல் நடக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது, வெளியே எதுவும் மருந்து வாங்கித் தின்னாதே, குடிக்காதே, புகைக்காதே என்றார்கள். நான் வெளிறிப் போயிருப்பதைப் பார்த்து வார்டில் ஒரு நர்ஸ் சரசத்திடம், "இலக்கறி நல்லோணம் கொடுக்கணம் கேட்டோ சேச்சி, ரக்தம் உண்டாகட்டே" என்றும் சொன்னார். நல்ல மனசோடு சொன்ன வார்த்தைதான். மாத்திரையைக் கொடுத்தவர் ஒருவர், கீரையைச் சொன்னவர் வேறொருவர்.

வாடகைக்கு எடுத்த சிலிண்டர் ஒன்று எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்தது. சிலிண்டர் பக்கத்தில் நெருப்பு ஆகாது என்பதால் சரசம் அந்தியில் ஏற்றுகிற சந்தி விளக்கை வெளியே துளசிக்குப் பக்கத்தில் வைத்தாள். பார்க்க வந்தவர்களின் சட்டைப்பையில் பீடி இருக்கிறதா என்று வாசலிலேயே கேட்டாள். என் மச்சினன்மாரைக்கூட விடவில்லை.

பிறகு கர்க்கடகம் பிறந்தது. எங்கள் பக்கத்தில் அந்த மழை மாதம் உடம்பைத் தேற்றுகிற மாதம். பத்துவகை இலை பறித்துத் தேங்காய் போட்டுத் தோரன் வைத்துத் தின்பது வழக்கம். தாள், தகரை, பயறு, மத்தன், கும்பளம், சேனை, கோவை, தூவை, சீரை என்று நாங்கள் சொல்லும் கீரை, குப்பைச்சீரை என்று வீட்டுக்கு வீடு வரிசை மாறும். முருங்கை மட்டும் அந்த மாதத்தில் ஆகாது. மற்றவர்கள் ஏதோ சில நாள் தின்று வழக்கத்தை முடித்துக்கொள்வார்கள். சரசம் மாதம் முழுக்க வைத்தாள். அறுவை கண்ட உடம்பு, போதாததற்கு ஆஸ்பத்திரியிலேயே சொன்னார்கள். அக்கா மலையோரத்திலிருந்து முதல் பஸ்ஸில் சாக்கு நிறைய இலை அனுப்பினாள். காட்டாக்கடைச் சந்தைக்குப் போகிற செல்வராஜ் அங்கிருந்தும் கட்டுக்கட்டாகக் கொண்டு வந்தான். மத்தியானம் சோற்றை விட இலை அதிகமாக இருக்கும். "நான் மனுஷனா பசுவா?" என்று கேட்பேன். "தின்னுங்க. ரெத்தம் ஊறணும்லா" என்பாள். எனக்கு அந்தக் கறி பிடிக்கவும் செய்தது.

அந்த மாதத்தில் ரத்தப் பரிசோதனைக்குப் போனபோதெல்லாம் ரத்தம் தடியாகவே இருந்தது. மாத்திரை தின்றதற்கான அடையாளமே இல்லை. என்னைக் கவனித்துக்கொண்டது ஒரு இளம் லேடி டாக்டர். காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"குளிக ஒழுங்காயிட்டு கழிக்குந்நுண்டோ?"

மாத்திரையை ஒழுங்காகத் தின்கிறாயா என்று கேட்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. செத்துப் பிழைத்தவன் மாத்திரையைத் தோட்டத்திலா எறிவான்? சரசம்தான் முன்னால் வந்து, "நானே கையில குடுத்து, வாயத் தொறக்கச் சொல்லிப் பாக்கேன் டாக்டரம்மா" என்றாள். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அடுத்த முறையும் கூட்டினார். காலில் மறுபடி கட்டுமோ, மறுபடி மேலே ஏறுமோ என்று நான் கெண்டைச்சதையைப் பிடித்துப் பார்த்தபடியே அந்த மாதத்தைத் தள்ளினேன்.

கர்க்கடகம் கழிந்து சிங்ஙம், அதாவது ஆவணி, பிறந்தது. மாதம் முடிந்ததும் பத்திலையும் முடிந்தது, அதுதானே வழக்கம். ஓணம் வருகிறது என்று வீட்டில் நேந்திரங்காய் வறுத்தார்கள். சில நாள்தான் போயிருக்கும். ஒரு காலை இருமினேன். முதலில் ஒரு இழை வந்தது. மத்தியானத்துக்குள் வாய் நிறைய ரத்தம்.

அப்போது வந்த பயத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மூச்சு நின்றபோதுகூட அந்த அளவு பயமில்லை, யோசிக்க நேரமில்லாமல் போயிற்று. இப்போது யோசிக்க நேரம் இருந்தது. இதே மாதிரி ஒரு இழையில்தானே எல்லாம் தொடங்கியது? சரசத்துக்கும் எனக்கும் ஒரே நினைப்புதான் என்று இருவருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போன செல்வராஜ் அன்று வழி கேட்கவில்லை.

எக்ஸ்ரேயில் அறுத்த இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி ஒரு நிழல். கசிந்த ரத்தமாகவும் இருக்கலாம், வளர்ச்சியாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். ரத்தப் பரிசோதனையில் ரத்தம் தண்ணீர் மாதிரி, உறைய மாட்டேன் என்றது. மாத்திரையை உடனே நிறுத்தி, வைட்டமின் கே என்ற ஊசி போட்டார்கள். மூக்கில் மறுபடி ஆக்சிஜன் குழாய். ரத்தம் உறைகிற நிலைக்கு வந்த பிறகுதான் குழாய் இறக்கி உள்ளே பார்க்க முடியும், அதுவரை காத்திருக்க வேண்டும்.

காத்திருந்த நாள்களில் ஒரு காலை டாக்டர் கட்டிலோரம் நின்று குழம்பிக்கொண்டிருந்தார். போன மாதம் அசையவே அசையாத ரத்தம் இந்த மாதம் இப்படி ஓடுவானேன்? வேறு மருந்து ஏதும் தின்றாயா, நாட்டு மருந்து, கஷாயம்? இல்லை. சரசத்திடம் திரும்பி, என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

சரசம் பெருமையாகவே சொன்னாள். "கர்க்கடகம் பூரா பத்திலையாக்கும். ஒரு நாளு முடக்கல்ல."

டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ சேச்சி" என்றார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, மலையாளமும் தமிழுமாக விளக்கினார். ரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும். மாத்திரை அதன் வேலையைத் தடுக்கிறது. பச்சை இலையிலோ வைட்டமின் கே கொட்டிக் கிடக்கிறது. மாதம் முழுக்க சரசம் இலை கொடுத்தாள், மாத்திரை தோற்றது. தோற்ற மாத்திரையை டாக்டர் கூட்டிக்கொண்டே போனார். முதல் தேதி வந்ததும் இலை நின்றது. கூட்டிய மாத்திரை தனியாக நின்று என் ரத்தத்தை நீராக்கிவிட்டது. "எனக்க வீட்டிலும் அம்மா இது வைக்கும். ஞான் சோதிச்சில்ல, என்றெ தெற்று" என்றார். தான் கேட்காமல் விட்டதைத் தன் தவறு என்று ஒரு டாக்டர் சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

சரசத்தின் காதில் மற்றது எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது. "அப்பம் இந்த ரெத்தம்... நான் குடுத்த சீரையாலயா?"

"அப்படித்தான் நினைக்கிறேன். ஆனா உறுதியா சொல்ல முடியாது சேச்சி. ரத்தம் இளகினா உள்ளே இருக்கிற சின்ன வளர்ச்சிகூடச் சீக்கிரம் கசியும். ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். உள்ளே பார்க்கணும்."

டாக்டர் போன பிறகு சரசம் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. சன்னல் பக்கம் திரும்பிக் கை கூப்பிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். ஆக்சிஜன் குமிழியின் சத்தத்துக்கு நடுவே காதைக் கொடுத்துக் கேட்டேன். "நானா இருக்கட்டும், எனக்க சிவனே. அந்தத் தீனமா இருக்க வேண்டாம், நானா இருக்கட்டும்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அக்கா பார்க்க வந்தபோது அவளையும் விடவில்லை. "மைனி, நீங்க அனுப்பின எலையும் உண்டு இதுல. நீங்களும் வேண்டிக்கிடுங்க" என்றாள். அக்கா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் இருமல் வரும் என்று பயந்து அடக்கிக்கொண்டேன்.

குழாய் இறக்கினார்கள். குளத்துக்குள் தலையை முக்கிய அதே அவஸ்தை. முடிந்து தள்ளுவண்டியில் வெளியே வந்தபோது தொண்டை மரத்து, எச்சில் விழுங்க முடியாமல் கிடந்தேன். சரசம் என்னைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்தாள். தையல் போட்ட இடம் சுத்தமாக இருக்கிறது, வளர்ச்சி எதுவும் கண்ணில் படவில்லை, பழைய ரத்தம்தான் தேங்கி நிழலாகத் தெரிந்திருக்கிறது என்றார் டாக்டர்.

"அப்பம் நாந்தானே டாக்டரம்மா?"

"ஆமா சேச்சி. நீங்கதான்."

"உறப்பா நாந்தானே?"

டாக்டர் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினார். சரசம் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு வராந்தாவில் தரையில் உட்கார்ந்து, இத்தனை மாதம் அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் என்னைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்கள். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

கீரை விஷமல்ல, அதை இந்த மாத்திரை தின்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மாதம் வாரிக் கொடுத்து அடுத்த மாதம் நிறுத்துவதுதான் ஆபத்து. கொஞ்சமாக, என்றும் ஒரே அளவில் தின்ன வேண்டும். அதற்குத் தக்கபடி டாக்டர் மாத்திரையை வைப்பார். சரசம் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை அதற்கென்றே எடுத்து வைத்தாள். தினமும் மத்தியானம் அந்தக் கிண்ணத்தில்தான் சீரைத் தோரன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதற்குப் பிறகு பரிசோதனைகள் ஒழுங்காக வருகின்றன. சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஸ்டாண்ட்வரை நடந்து போய் வருகிறேன். செல்வராஜ் என் வண்டியைத் துடைத்து வைத்திருக்கிறான்.

இந்த இடைவெளியில்தான் இதை எழுதத் தொடங்கினேன். நாலைந்து நாளாக எழுதுகிறேன். இன்று காலை இருமினேன். கைக்குட்டையில் சிவப்பாக ஒரு இழை. மறைக்கலாமா என்று யோசித்தேன். வெற்றிலைக் கதையை அவள் அன்றைக்கே நம்பவில்லை. அடுக்களைக்குப் போய் நீட்டினேன்.

சரசம் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நேத்து நான் சீரை வைக்க மறந்துட்டேன்" என்றாள். "அதாக்கும். எனக்க தப்பு. பேடிக்காதிய. நாளைக்கிப் போயி டாக்டரம்மாக்கிட்ட நானே சொல்லுதேன்."

"ஓ, அதுவா?" என்றேன் நான்.

நேற்று மத்தியானம் அவள் கிண்ணம் நிறையச் சீரை வைத்தாள். நான் அதை வழித்துத் தின்றேன்.